நன்னூலார் வகுப்பறையும் நுண்ணறிவுப் பொறியும்

முன்னுரை

ஆசிரியர் இன்றிக் கல்வி நிகழுமா என்னும் வினா புதியதன்று. ஓலைச்சுவடி அச்சு நூலாக மாறியபோது அவ்வினா எழுந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் பள்ளிக்குள் நுழைந்தபோதும் எழுந்தது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தபின் அதே வினா மீண்டும் எழுந்துள்ளது. முன்னைக் கருவிகள் ஆசிரியர் சொல்லியதை எடுத்துச் சென்றன. இப்பொறியோ தானே சொல்கிறது; கேட்ட வினாவுக்கு விடை எழுதுகிறது; மாணாக்கன் எழுத வேண்டிய கட்டுரையையும் எழுதித் தருகிறது. வேறுபாடு இதுவே.

இத்துறையில் முதுகலை பயின்று, இப்போது கல்வியியல் பட்டத்திற்குப் பயின்றுவரும் எனக்கு இவ்வினா ஏட்டளவில் நில்லாது நேரில் வந்தது. கற்பித்தல் பயிற்சிக்காகச் சென்ற பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்கு 'எங்கள் ஊர்க் கடைத்தெரு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு மாணவன் கொணர்ந்த கட்டுரையில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை யாவும் ஒழுங்காக அமைந்திருந்தன. ஆயின் அதில் மாலைக் கடற்காற்று வீசிற்று. அவ்வூரிலிருந்து கடல் நெடுந்தொலைவு. "நம் ஊரில் கடல் ஏது தம்பி?" என்றேன். "போன்ல அப்படித்தான் வந்துச்சு, ஐயா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கட்டுரையில் நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அவனைப் பற்றி அறிந்துகொள்வதற்கும் எதுவும் இல்லை.

அந்த மாணவன் முன் எதிர்கால ஆசிரியன் எவ்வாறு நிற்பது? இப்பொறியை விலக்குவதா, வழிபடுவதா, வேலை வாங்குவதா? இவ்வினாக்களுக்குத் தமிழ் இலக்கண மரபையும், இஸ்லாமியக் கல்வி மரபையும் துணைக்கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறைக்கு வந்த கருவிகள்

கல்விக்கும் கருவிக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலே முதற்கருவி. விரலால் மணலில் எழுதி, எழுத்தின் வடிவம் கைக்கு வந்தபின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு எண்ணத்தக்கது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பில் இருந்த ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், நாட்டுப்புறப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதனைக் கையாண்டார். மாணாக்கரைக்கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயராலேயே இங்கிலாந்தில் பரவிற்று. மணல் விலையற்ற கருவி. அதன் வெற்றிக்குக் காரணம் மணலன்று. ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையே காரணம்.

இந்திய நாட்டில் 1975-76-இல் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' தொலைக்காட்சியில் தொடங்கியது. கல்விக்கென்றே அமைந்த எடுசாட் செயற்கைக்கோள் 2004-இல் ஏவப்பட்டது. தமிழகத்தில் 2011 முதல் மாணாக்கருக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2020-இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவியின் வழியாகவே கல்வி என்னும் நிலை ஏற்பட்டது.

அக்காலம் இரண்டு பாடங்களைக் கற்பித்தது. கருவி இல்லாவிடின் பாடமே இல்லை என்னும் நிலையில் ஏழை மாணாக்கர் பின்தங்கினர் என்பது ஒன்று. கருவி இருந்தும் ஆசிரியர் இன்மையால் கற்றல் குன்றியது என்பது மற்றொன்று. கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டத்திற்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்று பெயரிட்டது. அத்திட்டத்தில் இல்லம் தேடிச் சென்றோர் தன்னார்வலராகிய மனிதர்களே என்பது கருதத்தக்கது.

பொறி சொல்லைக் கோக்கும் முறை

ஒரு கருவியை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன் அது இயங்கும் முறையை அறிதல் வேண்டும். இன்றைய உரையாடற் பொறிகள் பெருமொழி மாதிரிகள் என்னும் வகையைச் சார்ந்தவை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரை வகுத்துக்கொடுத்த அமைப்பே இவற்றிற்கு அடித்தளம். அளவற்ற நூல்களையும் பக்கங்களையும் இம்மாதிரிக்குள் செலுத்துவர். அது சொற்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டை அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்பதை எண்ணளவில் பயிலும். நாம் வினாத் தொடுக்குங்கால், அடுத்து வருதற்கு வாய்ப்புடைய துண்டினை ஒவ்வொன்றாகத் தெரிந்து கோத்து விடையாக்கித் தரும். வாய்ப்புடைமையே அதன் முதல் அளவுகோல். உண்மை பெரும்பாலும் அதனோடு உடன்வருவது. வராத இடங்களும் உண்டு.

தமிழைப் பொறுத்தவரை மேலும் ஒரு செய்தி உண்டு. ஒருங்குறி முறையில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 128. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாக நின்று இணைந்தே உயிர்மெய் ஆகும். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு இரண்டு குறிகள். பெருவழக்காக உள்ள குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்று ஓர் அலகில் அடங்க, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று அலகுகளைக் கொள்ளும். எனவே ஒரே கருத்தைத் தமிழில் கூறும்போது பொறி காணும் துண்டுகள் பொதுவாக மிகுதியாகின்றன. பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழ்ப் பனுவலோ ஆங்கிலத்தை நோக்க மிகச் சிறிது. இவ்விரண்டும் சேர்ந்து தமிழில் பொறியின் பிழைகளைப் பெருக்குகின்றன.

யாப்பினைக்கொண்டு இதனை விளக்கலாம். 'வகுப்பறை வந்தான்' என்னும் தொடரை அலகிடுவோம். வகுப் - நிரை, பறை - நிரை. எனவே முதற்சீர் கருவிளம். வந் - நேர், தான் - நேர். எனவே இரண்டாம் சீர் தேமா. விளம் முன் நேர் வந்தமையின் இயற்சீர் வெண்டளை அமைந்தது. இனி, 'வகுப்பறை நுழைந்தான்' என்று மாற்றுவோம். நுழைந் என்பது நிரை. விளம் முன் நிரை வந்தமையின் நிரையொன்றாசிரியத்தளை தோன்றி வெண்பாவின் ஓசை கெடுகிறது. இரு தொடர்க்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. பொருளின் அண்மையைக்கொண்டு சொல் தெரியும் பொறிக்கு இவ்விரண்டும் அடுத்தடுத்த வீட்டார். அசையைச் செவியால் கேட்கும் மாணாக்கனுக்கோ இவ்விரண்டும் வேறு வேறு. வெண்பா எழுதித் தருமாறு நான் பலமுறை கேட்டுப் பெற்றவற்றுள் நான்கடி இருந்தது. ஈற்றடி குறைந்து நின்றது. தளை மட்டும் பல இடங்களில் தட்டியது.

நன்னூலாரின் உவமைகள்

ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வரையறுத்துள்ளார். சமண முனிவர் இயற்றிய அந்நூலுக்குச் சைவச் சான்றோர் உரை வரைந்தனர். அதனை இன்று இஸ்லாமியர் நடத்தும் கல்லூரிகளில் அமர்ந்து நாம் பயில்கிறோம். எக்காலத்து வகுப்பறைக்கும் பொருந்தும் அவ்வுவமைகளை இப்பொறியோடு பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து.

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினை உவமை கூறுவார் நன்னூலார். நிலத்தின் பண்பு பொறுமை. ஒரே ஐயத்தை நூறுமுறை கேட்பினும் பொறி சினப்பதில்லை; இப்பண்பு அதற்கு உண்டு என்றே கூறலாம். மலையின் பண்புகளுள் அளவிடற்கரிய பொருள்வளமும் அசைக்கவியலாத நிலையும் அடங்கும். பொருள்வளம் பொறிக்கு உண்டு. அசையாத நிலை இல்லை. சரியான விடையைத் தந்தபின் "இது தவறு" என்று நாம் வன்மையாகக் கூறின், பலவேளை மன்னிப்புக் கோரித் தவறான விடைக்கு மாறிவிடுகிறது. துலாக்கோல் எப்பக்கமும் சாயாது பொருளின் எடையைக் காட்டும். பொறியோ கேட்பவர் பக்கம் சாயும் இயல்பினது. மலரின் மென்மையும் முகமலர்ச்சியும் அதன் சொல்லில் உண்டு. ஆனால் எதிரிலிருக்கும் மாணவனின் முகம் வாடியிருப்பதை அச்சொல் அறியாது.

ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் உள. அணுகவிடாத மடற்பனையும், அரிதிற்பெற்று அரிதிற் கொடுக்கும் பருத்திக் குண்டிகையும் அவற்றுள் இரண்டு. நேர்மையாகக் கூறின், இவ்விரு குற்றங்களும் பொறிக்கு இல்லை. நள்ளிரவிலும் அதனை அணுகலாம். கேட்டதைக் கேட்டவுடன் கொடுக்கும். இக்குற்றங்கள் நம்முள் சிலரிடமே உண்டு. ஐயம் கேட்ட மாணவனை அதட்டி அமர்த்தும் ஆசிரியர் உள்ளவரை, அம்மாணவன் பொறியிடம் செல்வதைக் குறை கூறுதல் முறையன்று.

எஞ்சிய இரண்டு உவமைகள் பொறிக்கு மிகவும் பொருந்துகின்றன. கழற்குடம் என்பது கழற்சிக்காய் இட்ட குடம். ஒவ்வொன்றாக முறைப்படி இட்டாலும் கவிழ்க்கும்போது முறை மாறி ஒருங்கே கொட்டும். பல நூல்களை உட்கொண்ட பொறியும் நூல், காலம், ஆசிரியர் என்னும் முறை பிறழ்ந்து விடையைக் கொட்டுவதுண்டு. முடத்தெங்கு என்பது சாய்ந்து வளர்ந்த தென்னை. நீர் வார்த்தவர் ஒருவர், காய் பெறுபவர் மற்றொருவர். இவ்வுவமையைச் சற்றே விரித்து நோக்கின், தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றிய தன்னார்வலர் நீர் வார்த்தோர் ஆவர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தினர் போன்றோரின் ஊதியமற்ற உழைப்பு அத்தகையது. அத்தகைய உழைப்பையும் உண்டு வளர்ந்த மரத்தின் காய் எவர் முற்றத்தில் விழுகிறது என்பதை நாம் வினவுதல் வேண்டும்.

மாணாக்கருக்குக் கூறிய உவமைகளுள் கிளியும் ஒன்று. சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியை இடைமாணாக்கருக்கு உவமையாக்கினார் பவணந்தியார். 2021-இல் எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையொன்றில் பெருமொழி மாதிரிகளை 'நிகழ்தகவுக் கிளிகள்' என்று அழைத்தனர். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில், இரு வேறு நிலங்களில், கற்றல் குறித்த இரு சிந்தனைகள் ஒரே பறவையைச் சுட்டியிருப்பது வியப்பிற்குரியது. நன்னூலார் கிளியைக் கடைநிலையில் வைத்து இகழவில்லை. முதல்நிலையில் வைத்துப் போற்றவும் இல்லை. பொறியையும் அவ்விடத்தில் வைப்பதே சால்பு.

தலைமாணாக்கருக்கு உவமை அன்னமும் ஆவும். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். ஆ வயிறார மேய்ந்து, ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். உடனுக்குடன் விடை கிடைக்கும் காலத்தில் மேய்தல் எளிது, அசைபோடுதல் அரிது. அவ்வசைபோடும் பொழுதினைக் காத்துத் தருவதே இனி ஆசிரியரின் முதற்கடமை என்று தோன்றுகிறது.

அறிவிப்பாளர் வரிசை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் இறைச்செய்தி ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றியது. எழுதுகோலும் ஒரு கருவியே. ஆதலின் கருவியை வெறுத்தல் இஸ்லாமியக் கல்வி மரபன்று. ஆயினும் அம்மரபு ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் இரண்டினை ஆராய்ந்தது. செய்தியின் வாசகம் ஒன்று. அது வந்த வழி மற்றொன்று. ஹதீஸ் கலையில் வாசகத்தை மத்ன் என்றும், அதனைக் கொணர்ந்த அறிவிப்பாளர் வரிசையை இஸ்னாத் என்றும் கூறுவர். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் தொடர் அறுபடாது இருத்தல் வேண்டும். அவ்வரிசையில் உள்ள ஒவ்வொருவரின் நேர்மை, நினைவாற்றல், காலம் ஆகியவற்றை ஆராய்வதற்கென்றே தனித்துறை வளர்ந்தது. கி.பி. 870-இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் நெடும்பயணம் செய்து செய்திகளைத் திரட்டி, இவ்வாறு ஆராய்ந்து தேர்ந்தவற்றையே தம் தொகுப்பில் சேர்த்தார்கள். வாசகம் எத்துணை அழகாயினும் வரிசை நம்பத்தகாததாயின் ஐயத்திற்கு உரியதாயிற்று.

தமிழ்ப் பதிப்புலகமும் இந்நெறியினதே. ஏட்டுப்படிகளை ஊர் ஊராகத் தேடி, ஒப்புநோக்கி, பாடவேறுபாடு குறித்து உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்கு முன்னரே 1842-இல் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவர் சீறாப்புராணத்தை அச்சேற்றியிருந்தார். இன்று நம் கையில் நூல் உள்ளது என்றால், இடையில் நின்று பொறுப்பேற்ற மனிதர் பலர் உள்ளனர் என்பதே பொருள்.

பொறியின் விடையில் வாசகம் உண்டு, வரிசை இல்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' நாம் அறிந்ததே. அப்படலத்திலிருந்து ஒரு பாடல் தருமாறு பொறியொன்றைக் கேட்டேன். விருத்தம் போன்ற நான்கு அடிகள் நொடியில் வந்தன. நபி, மான், வேடன் யாவரும் அதில் இருந்தனர். அச்சு நூலை எடுத்துப் படலம் முழுவதையும் பார்த்தேன்; அப்பாடல் அதில் இல்லை. அதனைக் கூறியதும், வருந்துவதாகச் சொல்லி வேறு நான்கு அடிகளைத் தந்தது. அவையும் நூலில் இல்லை. மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக்கொண்ட பேரிலக்கியத்தின் பெயரால், புலவர் பாடாத பாடல் ஒரு மாணவனின் ஏட்டில் ஏறிவிடக்கூடும். அவன் அதனை மற்றொருவனுக்குத் தருவான். அது இணையத்தில் ஏறும். அடுத்த பொறி அதனை உண்ணும். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் போன்று பயில்வோர் குறைந்த துறைகளுக்கு இத்தீங்கு பெரிது. கம்பன் பாடலைத் திரித்தால் கண்டுபிடிப்போர் பலர். அருகிய நூலின் பாடலைத் திரித்தால் கண்டுபிடிப்போர் யார்?

கற்றலுக்கும் ஒரு வரிசை உண்டு. திருக்குர்ஆனை ஓதக் கற்கும் சிறுவன் ஆசிரியர் முன் அமர்ந்து ஓதிக்காட்டுகிறான். எழுத்துப் பிறக்கும் இடத்தை உஸ்தாது தம் வாயால் காட்டி, அவன் ஒலியைத் தம் செவியால் திருத்துகிறார். தமிழில் லகர, ளகர, ழகரங்களைக் கற்பிப்பதும் இவ்வாறே. ஒலிப்பதிவு துணைபுரியலாம். ஆயின் தவறி ஒலிக்கும் நாவின் தயக்கத்தை அறிந்து, அதற்கேற்பக் காத்திருந்து திருத்தும் செவி ஆசிரியருடையது.

வகுப்பறையில் வேலை வாங்கும் நெறி

மேற்கூறியவற்றால் பொறி வேண்டா என்பது பெறப்படாது. தக்க இடத்தில் தக்க அளவில் அதனைப் பணிகொள்ளுதல் வேண்டும். எதிர்கால ஆசிரியன் என்னும் நிலையில் நான் எண்ணியுள்ள நெறிகள் சிலவற்றை ஈண்டுத் தருகிறேன்.

முதலாவது, பிழை காணும் பயிற்சி. பொறி எழுதிய வெண்பாவைக் கரும்பலகையில் எழுதி, எந்தெந்த இடத்தில் தளை தட்டுகிறது என மாணாக்கரைக் காணச் செய்யலாம். வாய்பாடு மனப்பாடம் செய்யச் சோம்பும் மாணவனும், பொறியின் பிழையைப் பிடிக்க ஆர்வத்தோடு முன்வருவான்.

இரண்டாவது, வழி தேடும் பயிற்சி. பொறி தந்த விடையில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, அச்செய்தி உள்ள நூலின் பெயரையும் பக்க எண்ணையும் நூலகத்தில் தேடி எழுதச் செய்யலாம். கிடைக்காதவற்றை அடித்துவிட வேண்டும். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த மரபின் எளிய வகுப்பறை வடிவம் இது.

மூன்றாவது, கைப்பட எழுதிய பின்னரே பொறி என்னும் முறை. முதல் வரைவு மாணவனுடையதாக இருக்கட்டும். பின்னர்ப் பொறியின் திருத்தங்களைக் காட்டி, எதனை ஏற்கலாம், எதனை மறுக்கலாம், ஏன் என்று அவனையே கூறச்செய்தல் வேண்டும்.

நான்காவது, வாய்மொழி வினா. எழுதிக் கொணர்ந்ததைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் போதும். அது அவனுடைய எழுத்தா என்பது விளங்கிவிடும். களவைக் கண்டறிவதாகக் கூறும் பொறிகளை நம்பி ஒரு மாணவனைக் குற்றவாளியாக்குதல் கூடாது. அவை நேர்மையானவனையும் தவறாகச் சுட்டுவதுண்டு.

ஐந்தாவது, இயலாதோர்க்குத் துணை. பார்வையற்ற மாணாக்கருக்கு எழுத்தைப் பேச்சாக்கும் பொறியும், எழுத இயலாதோர்க்குப் பேச்சை எழுத்தாக்கும் பொறியும் பெரும்பேறு. இவர்களுக்குக் கருவியை மறுப்பது கல்வியையே மறுப்பதாகும். வீட்டில் பாடம் சொல்லித்தர எவருமில்லாத முதல் தலைமுறை மாணாக்கருக்கும், ஆசிரியர் வழிகாட்டலோடு, இப்பொறி இரவு நேரத் துணையாக அமையலாம்.

ஆறாவது, ஆசிரியரின் சுமைக் குறைப்பு. பயிற்சி வினாக்களின் முதல் வரைவு, பாடக்குறிப்பின் ஒழுங்கு ஆகியவற்றைப் பொறியிடம் விடலாம், சரிபார்த்தல் நம்முடையது. அதனால் மிஞ்சும் பொழுது மாணாக்கரோடு பேசுதற்கு ஆகவேண்டும். மற்றுமொரு பதிவேட்டை நிரப்புதற்கு ஆயின் பயனில்லை.

அஞ்ச வேண்டுவன

அஞ்சுவதற்கு உரியவற்றுக்கு அஞ்சுதலும் அறிவுடைமையே. மாணாக்கரின் பெயர், மதிப்பெண், குடும்ப நிலை முதலியவற்றைப் பொறியில் இடுதல் கூடாது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுரை, இத்தகைய பொறிகளை வகுப்பறையில் பயன்படுத்துவதற்கு 13 வயதைக் குறைந்த எல்லையாகப் பரிந்துரைத்தது. ஆசிரியர் பயிற்சி பெறுதலையும் அது வலியுறுத்தியது.

பிறிதொரு அச்சமும் உண்டு. கட்டணம் செலுத்துவோர்க்கு ஒரு தரமும், இலவசமாகப் பெறுவோர்க்கு மற்றொரு தரமுமாகப் பொறிகள் உள்ளன. வசதியுள்ள பள்ளிக்கு ஆசிரியரும் பொறியும், வசதியற்ற பள்ளிக்கு ஆசிரியருக்கு மாற்றாகப் பொறி மட்டும் என்னும் நிலை வந்துவிடின், அது கல்வியின் வளர்ச்சி ஆகாது. பழைய வேற்றுமையின் புதிய உருவமே ஆகும்.

கற்றலின் நான்கு காற்கூறு

கற்பவன் பெறும் புலமையை நன்னூலார் நான்கு காற்கூறுகளாகப் பகுத்துள்ளார். ஆசிரியர் கூறியதை முழுமையாகக் கொண்டாலும் கிடைப்பது ஒரு காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய இரு காற்கூறுகளும், தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். புலமையின் பாதி, கேட்பதால் வருவதன்று, சொல்வதால் வருவது.

எழும்பூரில் பெல் கையாண்டதும் இக்கருத்துக்கு அணித்தானதே. பொறி மிகச் சிறந்த ஆசிரியராகவே வளர்ந்துவிடினும், அது தரக்கூடியது முதற் காற்கூறு மட்டுமே. உடன் அமர்ந்திருக்கும் தோழன் அதனிடம் இல்லை. நாம் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு முகம் மலரும் இளையவனும் அதனிடம் இல்லை. மாணவன் எழுத வேண்டியதை அதுவே எழுதிவிடும்போது, அவனுக்குரிய இரு காற்கூறுகளையும் அது பறித்துக்கொள்கிறது. ஆதலின் பொறியை அளப்பதற்குரிய கோல் எளியது: அது மாணவனைப் பேசவைக்கிறதா, வாய்மூட வைக்கிறதா?

முடிவுரை

கருவிகள் மாறினும் கல்வியின் நடுவே நிற்பது மனித உறவே என்பதும், பொறியின் விடை வழி ஆராயாது ஏற்கத்தக்கதன்று என்பதும், மாணாக்கனின் சொந்த முயற்சிக்குப் பின்னரே பொறி வருதல் வேண்டும் என்பதும், இயலாதோர்க்கு அது மறுக்கப்படலாகாது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் புலனாகும்.

முன்னுரையில் குறித்த மாணவனை மறுநாள் அழைத்து, கடைத்தெருவைப் பற்றி வாயால் சொல்லுமாறு கேட்டேன். அவன் தந்தை வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். விடியற்காலையில் லாரி வந்து நிற்பதையும், கோணியின் வாய்த் தையலைப் பிரிக்கும் முறையையும், அழுகிய காயை மூட்டையின் நாற்றத்தைக்கொண்டே தந்தை கண்டுபிடிப்பதையும் அவன் நிறுத்தாமல் சொன்னான். "இதையே எழுதி வா" என்றேன். அடுத்த வாரம் எட்டு வரிகள் எழுதிவந்தான். அவற்றில் பதினொரு பிழைகள் இருந்தன. அப்பதினொன்றையும் அவனோடு அமர்ந்து திருத்தினேன். ஆசிரியப் பணி என்பது இன்னதென்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.